சனி ஞாயிறு லீவு

கோத்தா கினபாலு, மலேசியா
மார்ச் 8

அன்புள்ள மாக்ரெட் அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் றேமண்ட் அத்தானும் சுகமாக இருக்க அந்தோனியாரை வேண்டுகிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என்ன இவன் திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று யோசிக்க வேண்டாம். போனில் நாங்கள் கதைப்பது "சாப்பிட்டியா", "ஓம் அக்கா", "சரி, வைக்கிறன்" என்பதோடு முடிந்துபோகிறது. இந்த ஹோட்டல் அறை மேசையிலோ தங்க எழுத்தில் பெயர் போட்ட தாளும் உறையும் தொடுவாரில்லாமல் கிடக்கின்றன. முத்திரையும் அவர்களே ஒட்டி அனுப்புவார்களாம். ஓசியில் கிடைப்பதை விடக்கூடாது என்று சொல்லித் தந்தது நீங்கள்தானே?

குழிக்குள் பந்தைத் தள்ளுகிற இந்தக் கோல்ஃப் தொழிலில் அப்படி என்னடா சுகம் என்று போன மாதம் கேட்டீர்கள். கேளுங்கள். ஏயார்போட்டில் இறங்கினால் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், வெளியே குளிர்காற்றோடு கார் நிற்கும். காலையில் ஆட்டக்காரர்களுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை. முட்டை எப்படி வேண்டும் என்று கேட்டு, என் கண் முன்னாலேயே பொரித்துத் தருவார்கள். மேல்வலிக்குப் பிடித்துவிடவும் ஆள் உண்டு. இந்த ஊர்ப் பணக்காரர்கள் உள்ளே நுழைய வருஷக்கணக்காகக் காத்திருக்கும் புல்வெளியில் விடியக்காலை முதல் ஆளாக நான் நடப்பேன். ஈரம் காயாத புல்லில் என் சப்பாத்து அடையாளம் மட்டும்தான் இருக்கும். அது எனக்கு உண்மையாகவே பிடிக்கும் அக்கா.

எல்லாவற்றிலும் பெரிய சுகம், இந்தக் கிழமை சனியும் ஞாயிறும் லீவு. இன்று கடற்கரையில் நடந்தேன், அறைக்கு வந்தேன், மறுபடியும் போய் நடந்தேன்.

அடுத்த ஹோட்டலின் விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் அன்புத் தம்பி,
றொஹான்

*

வெள்ளவத்தை
மார்ச் 25

அன்புத் தம்பி றொஹானுக்கு,

கர்த்தரின் காவலில் நாங்கள் சுகம். முழங்கால் வலி தன் பாட்டில் இருக்கிறது, நான் என் பாட்டில் இருக்கிறேன்.

உன் கடிதத்தை நான் ஒருதரம்தான் படித்தேன். அதற்குள் அத்தான் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். அங்கே அவரோடு வேலை செய்யும் எல்லாருக்கும் உறையைக் காட்டி, "பாருங்க, என்ட மச்சானுக்கு முட்டை பொரிக்கவே ஒரு ஆள் வச்சிருக்கிறாங்க" என்று சொன்னாராம். அன்றிலிருந்து இந்த வீட்டில் முட்டைக்கு மரியாதை கூடிவிட்டது. "எப்படி வேணும் சேர்?" என்று நான் கேட்காமல் அவர் வாய் வைப்பதில்லை.

என் சங்கதி உனக்குத் தெரியும். மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்றபடி நிற்கிறேன். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கொச்சிக்கடைக் கோயில், வரும் வழியில் கொட்டாஞ்சேனையில் பழைய வீட்டு வாசலை ஒருதரம் எட்டிப் பார்ப்பது, பிறகு வெள்ளவத்தை. என் வெளிநாட்டுப் பயணம் அவ்வளவுதான். சமையலறை ஜன்னலால் பார்த்தால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல், கடலில் எங்கேயோ போகிற கப்பல். நாற்பது வயதாகிறது, இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. சில நாளில் அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சமைக்கிறேன். எரிச்சல் வருகிறது.

எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. உனக்குச் சனியுமா? கொடுத்து வைத்தவன். இன்னும் என்னென்ன தருகிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

அத்தானும் நானும் உனக்காக மன்றாடுகிறோம்.

உன் அக்கா,
மாக்ரெட்

*

ஹோ சி மின் நகரம், வியட்நாம்
ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்று விடாமல் எழுதச் சொன்னீர்கள். சப்பாத்து வருஷத்துக்கு எத்தனை சோடி வேண்டுமானாலும் கொம்பனி அனுப்பும். கையுறை, தொப்பி, பந்து எல்லாம் பெட்டி பெட்டியாக வரும், பந்தில் என் பெயர் அச்சடித்திருக்கும். போட்டிக்கு முந்திய நாள் பெரிய பெரிய முதலாளிமார் எங்களோடு சேர்ந்து ஆட வருவார்கள். நான் "முழங்கையைக் கொஞ்சம் உள்ளே வையுங்கள்" என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல வைப்பார்கள். தலைக்கு மேல் அதிகாரி இல்லை. அதைவிட, எங்கள் ஆட்டத்தில் நடுவர் பின்னாலேயே வரமாட்டார். கூட ஆடுகிறவர் என் கணக்கை எழுதுவார், நான் அவருடையதை எழுதுவேன், கடைசியில் அவரவர் அட்டையைப் பார்த்துக் கையெழுத்து வைப்போம். பிழை விட்டால் நாங்களே சொல்ல வேண்டும். பெரிய மனிதர்களின் ஆட்டம் பாருங்கள்!

பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், பென்ஜி என்று பெயர், என் கூட்டாளி. இரண்டு வருஷத்துக்கு முன் வெல்ல இருந்த போட்டியில் காய்ந்த இலைகளுக்குள் கிடந்த பந்து, அவர் மட்டை பட்டு இம்மியளவு அசைந்ததாம், அது பிழை. ஒருவரும் காணவில்லை. தானாகவே கையைத் தூக்கித் தண்டனை அடியைக் கூட்டிக்கொண்டு தோற்றுப்போனார். யாருமே பார்க்கவில்லையே, ஏன் சொன்னீர் என்று கேட்டேன். "நான் பார்த்தேனே" என்றார். சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த கோழித்துண்டையும் எடுத்துச் சாப்பிட்டார்.

இன்றும் சனிக்கிழமை, லீவு. நாளையும் லீவு. மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு தெருவோரத்தில் கோப்பி குடித்தேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மூன்று கடை மாறிவிட்டேன்.

அத்தானுக்கு அன்பு.

தம்பி,
றொஹான்

*

வெள்ளவத்தை
மே 13

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

அத்தான் உன் போட்டி விபரத்தைப் போனில் தேடிப் படிக்கப் பழகிவிட்டார். நேற்றுச் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கேட்டதற்கு மெல்லச் சொன்னார்: "மாக்ரெட், அவங்களுக்கு சனி ஞாயிறுதான் முக்கியமான ஆட்டமாம். வெள்ளிக்கிழமையோட பாதிப் பேரை வெட்டிப் போடுவாங்களாம். வெட்டுப்பட்டவங்களுக்குத்தான் லீவு."

அப்போ உன் லீவு அதுதானா? மார்ச்சிலிருந்து நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் வெட்டுப்பட்டுக்கொண்டு, எனக்கு முட்டை பொரிக்கிற கதை எழுதிக்கொண்டிருக்கிறாயா? வெட்டுப்பட்டால் சம்பளமும் இல்லையாமே?

நீ தோற்பதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சின்ன வயதில் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் கெரம் விளையாடியபோதும் நீ தோற்றவன்தான், தோற்றால் போர்டைக் கவிழ்ப்பாய். அதைக்கூட நான் தாங்குவேன். சந்தோஷமாக இருப்பதுபோல் எனக்கு நடிக்காதே. கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது.

அந்த பென்ஜிக்குச் சுத்தப் பைத்தியம். எங்கள் பஸ் கொண்டக்டர் மிச்சக்காசு தராமல் முகத்தைத் திருப்புகிற ஊரில் அவரை ஒரு நாள் கொண்டுவந்து விட வேண்டும்.

ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

*

தைச்சுங், தைவான்
ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அந்தோனியார் திருவிழாவுக்கு எனக்காகவும் மெழுகுதிரி கொளுத்தியிருப்பீர்கள்.

உண்மைதான். மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதிய சுகங்கள் ஒன்றும் பொய் இல்லை, அவை எனக்கு எத்தனை நாளைக்கு என்பதைத்தான் எழுதவில்லை. வருஷ முடிவில் பட்டியலில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருஷமும் ஆட அனுமதிக்கும் காட் கிடைக்கும். நான் இப்போது எண்பதுக்குக் கீழே. காட் போனால் காரும் இல்லை, சப்பாத்தும் இல்லை, தங்க எழுத்துத் தாளும் இல்லை. முப்பத்திரண்டு வயதில் கொழும்பில் முதலாளிமாரின் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கப் பழக்கிக்கொண்டு இருப்பேன். அதை நினைத்தால் இருந்த இடத்தில் இருக்க வருவதில்லை.

ஆனால் கேளுங்கள், இன்றும் சனிக்கிழமை, நான் ஆடிவிட்டு வந்து எழுதுகிறேன்! வெட்டுப்படவில்லை.

இன்னுமொரு சுகத்தை நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை. அந்த அறுபது பேரும் டிசம்பரில் தாய்லாந்தில் ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊரில் கடைசிப் போட்டி ஆடுவார்கள். ஒவ்வொருவரும் வீட்டார் ஒருவரைக் கூட்டி வரலாம். டிக்கெட், கடலைப் பார்த்த அறை, கார், முட்டை எல்லாம் இலவசம். மற்றவர்கள் மனைவிமாரைக் கொண்டு வருவார்கள். எனக்கு நீங்கள்தான். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டது நீங்கள்.

பாஸ்போட் எடுத்து வையுங்கள்.

றொஹான்

*

வெள்ளவத்தை
ஜூலை 15

என் தம்பி றொஹானுக்கு,

நல்ல சுகம்! முழங்காலும் நல்ல சுகம்!

பத்தரமுல்லைப் பாஸ்போட் கந்தோருக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். போட்டோ ஸ்டூடியோக்காரன் சிரிக்க வேண்டாம் என்றான், அதனால் படத்தில் நகைக்கடையில் பிடிபட்டவள்போல இருக்கிறேன். கந்தோரில் இருந்த நோனா "நங்கி, மெதன அத்ஸன் கரன்ன" என்று சிங்களத்தில் சொல்லிக் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். கலியாணத்துக்குக்கூட அப்படிப் பார்த்துப் போடவில்லை.

"நீ போய்ட்டு வா, நான் பாணும் பருப்பும் சாப்பிட்டுக் கிடப்பன்" என்கிறார் அத்தான். உள்ளுக்குள் அவருக்கும் ஆசைதான். ஒருவருக்குத்தானே இடம்.

கடைக்கு வருகிறவர்களிடம் டிசம்பரில் நான் இருக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்த கிழவர் ஏன் என்று கேட்கவில்லை. நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

வெட்டுப்படாதே. இது அக்காவின் கட்டளை.

மாக்ரெட்

*

தாக்கா, பங்களாதேஷ்
செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இப்போது அறுபத்தெட்டாம் இடம். ஒக்டோபர் முதல் கிழமை கொழும்பில் போட்டி, பட்டியலுக்குக் கணக்கெடுக்கும் கடைசிப் போட்டி அதுதான். அங்கே நன்றாக ஆடினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

எங்கள் ஊரிலேயே போட்டி இருந்தும் ஹோட்டலில்தான் தங்கப்போகிறேன். கோபிக்காதீர்கள். வீட்டுக்கு வந்தால் உங்கள் பாஸ்போட்டை எடுத்துக் காட்டுவீர்கள். அதைப் பார்த்துவிட்டு என்னால் நேராக அடிக்க முடியாது. ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் வருகிறேன். மைதானத்துக்கு வாருங்கள், வந்தால் கத்தக்கூடாது.

றொஹான்

*

வெள்ளவத்தை
ஒக்டோபர் 8

என் தங்கத் தம்பிக்கு,

அறுபதாம் இடம்! கடைசி ஆளாக என்றாலும் உள்ளேதானே! செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குப் பெரிய மெழுகுதிரியாகவே கொளுத்திவிட்டேன். பாஸ்போட் தலையணைக்குக் கீழே இருக்கிறது. நீ சியாங்மாய்க்குப் பயிற்சிக்குப் போவதால் இதை அந்த விலாசத்துக்கு அனுப்புகிறேன். பெட்டிக்குள் என்ன உடுப்பு வைக்க வேண்டும் என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இறால் கறி சட்டியிலேயே கிடந்தது. இரண்டுதரம் எழும்பி பல்கனியில் போய் நின்றாய். நான் கட்டிப்பிடித்தபோது மரக்கட்டைபோல நின்றாய். களைப்பு என்று அத்தான் சொன்னார்.

உன் ஆட்டத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் காலையிலிருந்து உன் பின்னாலேயே நடந்தேன். அமைதி என்று எழுதிய பலகை பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் என்னைப் பார்த்தே "ஷ்ஷ்" என்றார். சாப்பிட மாலுபாண் பையைத் திறந்தேன், அவ்வளவுதான்! கடைசிப் பக்கத்தில் ஒருதரம் உன் பந்து மரத்தடியில் நீளப் புல்லுக்குள் போனதே, பதினாறாம் குழியாம். உன்னோடு ஆடியவர்கள் மற்றப் பக்கம் போய்விட்டார்கள், அத்தான் ஐஸ்கிறீம் வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நீ மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்து அழுத்தினாய், பந்து அரைப் புரட்டுப் புரண்டது. உன்னைப்போலவே உன் பந்துக்கும் ஓரிடத்தில் இருக்கத் தெரியாது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகைக்காரருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த நிமிஷம் நீ அடித்தாய். என்ன வடிவாய்ப் பறந்தது!

ஹுவா ஹின்னில் சேலை கட்டலாமா?

சந்தோஷத்தில் நித்திரை வராத,
அக்கா

*

வெள்ளவத்தை
நவம்பர் 2

தம்பிக்கு,

கடிதம் இல்லை. போனை அணைத்து வைத்திருக்கிறாய். உனக்குச் சுகமில்லையோ என்று பயந்தேன். அத்தான்தான் ஹோட்டலுக்குப் போன் எடுத்து, நீ இருக்கிறாய், சாப்பிடுகிறாய் என்று அறிந்து சொன்னார்.

நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் கடிதத்துக்கு வந்ததும் அதையே மூன்றுதரம் படித்தேன். அந்த பென்ஜியும் காய்ந்த இலையும்.

றொஹான், நான் ஒன்றும் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வெயில் வேறு. ஏதோ அசைந்தது, அது புல்லாக இருக்கும், அல்லது நிழலாக இருக்கும். எனக்கு இந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது என்று உனக்கே தெரியும். எழுதுகிற உற்சாகத்தில் எதையோ எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அத்தானிடமும் நான் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் மாட்டேன்.

உனக்கு அந்தக் காட் வேண்டும். எனக்கும் அந்தக் கடலின் அந்தப் பக்கம் வேண்டும். ஆசைப்பட்டது பாவமா? ஒரு புல் அசைந்ததற்கு இவ்வளவா?

காலையில் போய் முட்டை சாப்பிடு. ஒன்றும் யோசிக்காதே.

அக்கா

*

சியாங்மாய், தாய்லாந்து
நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்தத் தாள் கடையில் வாங்கியது, அதனால் தங்க எழுத்து இல்லை.

உங்கள் ஒக்டோபர் கடிதம் கிடைத்து இரண்டு கிழமைக்கு மேலாகிறது. எத்தனை தரம் எழுதத் தொடங்கினேன் என்று தெரியாது. பயிற்சி மைதானத்தில் பந்தை வைத்தால் அது புரள்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். கூட இருப்பவர்கள் முதுகு வலியா என்று கேட்கிறார்கள்.

பந்து புரண்டது அக்கா. அது எனக்கு அப்போதே தெரியும். புல்தான் அசைந்தது, பந்து அசையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அட்டையில் கையெழுத்து வைத்தேன். வீட்டில் இறால் கறிக்கு முன்னால் இருந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வரும்வரை அது ஒருமாதிரி ஓடியது. நீங்கள் வாயைப் பொத்தாமல் சத்தமாகச் சிரித்திருக்கலாம். நான் திரும்பிப் பார்த்திருப்பேன், கையைத் தூக்கியிருப்பேன். அன்றைக்கு அது வெறும் தண்டனை அடிதான்.

அறுபத்தோராம் ஆள் ஒரு கொரியப் பொடியன். சாமானைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கும் ஒரு அக்கா இருக்கக்கூடும்.

இன்று காலை இங்கே இருக்கும் போட்டி நடத்துகிறவர்களின் கந்தோருக்குப் போய்ச் சொன்னேன். விதிகள் பார்க்கும் அதிகாரி வயதான மனிதர், முழுவதும் கேட்டார். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்: கையெழுத்து வைக்கும்போது தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் முடிந்த போட்டியை அவர்கள் தொடமாட்டார்கள், காட் என்னிடமே இருக்கும். கேட்டுவிட்டு, அவசரமில்லை என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உங்கள் பாஸ்போட் படம்தான் கண்ணுக்குள் வந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே, நகைக்கடையில் பிடிபட்டவள்போல.

தெரியும் என்றேன். கொழும்புப் போட்டியிலிருந்து என் பெயரை வெட்டிவிட்டார்கள். இனி அறுபதாம் ஆள் அவன்தான் என்று அந்தப் பொடியனுக்கு அறிவித்துவிட்டார்கள்.

அறையில் இந்தக் கிழமை முடியும்வரை இருக்கலாம் என்றார் அந்த மனிதர். நான் இன்றே காலி செய்கிறேன். முட்டை பொரிக்கிறவர் வழக்கம்போல எப்படி வேண்டும் என்று கேட்பார், அந்த முட்டை இனி எனக்குரியது இல்லை. பின்னேரம் ஒரு மலிவான அறைக்கு மாறுகிறேன். பென்ஜிக்கு மட்டும் போனில் சொன்னேன். "இண்டைக்கு நல்லாச் சாப்பிடு" என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

உங்களை ஏமாற்றிவிட்டேன். அதுதான் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் போகட்டும்.

தம்பி,
றொஹான்

*

வெள்ளவத்தை
நவம்பர் 18

என் தம்பி றொஹானுக்கு,

நீ சுகமாக இரு, அது போதும்.

என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எழுதியது உனக்குக் கிடைத்திருக்கும், அல்லது நீ காலி செய்த ஹோட்டலில் கிடக்கும். கிடைத்தால் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருந்தேன். போன வருஷம் நீ வாங்கித் தந்த கண்ணாடி, நல்லாகத்தான் தெரிந்தது.

உன் மேல் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். வாசித்து முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன். "தெரியாது" என்று ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே என்று பாத்திரங்களை எல்லாம் டமார் டமார் என்று போட்டேன். அத்தான் பயந்துபோய் வந்து பார்த்தார். அவரிடம் முழுவதையும் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. அவர் கீழே கிடந்த மூடியை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு, "நான் ஐஸ்கிறீம் வாங்கப் போயிருக்கக்கூடாது" என்றார். அதில் என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் துறைமுகத்தில் அவரே எல்லாருக்கும் சொன்னாராம். முட்டைக் கதையைச் சொன்ன அதே ஆட்களிடம். ஒருவன் "உங்கட மச்சானுக்கு விசரா?" என்று கேட்டதற்கு, இரண்டு நாளாக இவர் அவனோடு கதைக்கவில்லை. இருமல் மருந்துக் கிழவரும் வந்து, டிசம்பரில் போகவில்லையா என்று கேட்டார். போகவில்லை என்றேன், ஏன் என்று அவர் இந்த முறையும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜனவரியில் மறுபடியும் காட் எடுக்கத் தேர்வுப் போட்டி இருக்கிறதாமே, அத்தான் போனில் பார்த்துச் சொன்னார். அதற்கு நீ போவாயோ, பிள்ளைகளுக்குப் பழக்குவாயோ, எனக்குத் தெரியாது, இப்போது கேட்கவும் மாட்டேன். முதலில் வீட்டுக்கு வா. ஏயார்போட்டில் உன் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு அத்தான் நிற்பார். எழுதியும் வைத்துவிட்டார், எழுத்து கோணல். கார் இல்லை, பஸ்தான். முட்டை எப்படி வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

சனிக்கிழமை வா, ஞாயிறும் நில். உனக்கு லீவுதானே.

பாஸ்போட்டைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன், பத்து வருஷத்துக்குச் செல்லுமாம்.

உன் அக்கா,
மாக்ரெட்